இரண்டில் நல்லது

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் நண்பரிடம், இராணுவ ஏலத்திலிருந்து பல கை மாறி வந்த பழைய ஜீப் ஒன்று இருக்கிறது. சென்ற மாதம் நான் போயிருந்தபோது அது கிளம்ப மறுத்தது. மெக்கானிக் வந்து பேட்டரிகளைச் சோதித்தார். ஒன்று 12.6 வோல்ட் காட்டியது. ஹைட்ராமீட்டரிலும் குறை சொல்ல இடமில்லை. மற்றது 10.5. அதன் ஆறு ஸெல்களில் ஒன்று செத்துவிட்டது. "ரெண்டையும் மாத்திடணும் சார்" என்றார். நல்லது என்ன பாவம் செய்தது என்று நண்பர் கேட்டார். அவர் கேட்டது செலவை நினைத்துத்தான். எனக்கு அது அப்படிப் படவில்லை.

1941-இன் வில்லிஸ் ஜீப்புக்கு 6 வோல்ட் போதுமானதாக இருந்தது. 1950-இல் வந்த அமெரிக்க எம்-38 இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டுக்கு மாறியது. நண்பரின் வண்டியிலும் இந்த ஏற்பாடுதான். தொடர் இணைப்பில் ஒன்றின் வழியே போகும் கரண்ட் முழுவதும் மற்றதன் வழியேயும் போயாக வேண்டும். விலகி நிற்க வழி கிடையாது. சார்ஜ் ஆகும்போது வண்டி சுமார் 28 வோல்ட் தருகிறது. அதைச் சரிபாதியாகப் பங்கிட்டுக் கொடுக்க அங்கே யாரும் இல்லை. செத்த ஸெல் ஏற்காத பங்கு மற்ற ஸெல்களின் தலையில் விழ, 14 பெற வேண்டிய நல்ல பேட்டரி 15-க்கும் மேல் பெற்றுக் கொதிக்கிறது. நீர் வற்றித் தகடுகள் அரித்து, அதுவும் போய்ச்சேரும். கெட்டது நல்லதைக் கெடுத்தது என்று நம் நீதிநூல் மனம் உடனே சொல்லிவிடும். அப்படியல்ல. வாங்கும் சக்தி இருந்ததாலேயே அது அடுத்ததன் பங்கையும் வாங்கி அழிகிறது.

சரி, செத்ததை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால்? "புதுசுக்குப் பக்கத்துல இது பழசு சார்" என்றார் மெக்கானிக். நேற்றுவரை நல்லதாக இருந்தது, இன்னொன்றின் வரவால் இன்று பலவீனமானது. அதற்குள் எந்த மாற்றமும் நிகழவில்லை.

நான் வங்கி குமாஸ்தா. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் சம அளவு என்கிறது. இதுவும் ஒரு தொடர் இணைப்பே. நான்கு வருஷங்களுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் கவுன்ட்டரின் முன் நின்றார். கூட வேலை பார்த்தவரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். அவருடைய டெபாஸிட்டிலிருந்து பாக்கியை எடுத்துக்கொண்ட வவுச்சரை எழுதியவன் நான். "நான் என்ன சார் தப்பு பண்ணினேன்?" என்றார். 128 என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

பணத்தை எடுத்தது தவறு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. கையெழுத்து கையெழுத்துதான். அமைப்பின் நிர்ப்பந்தத்தில் நல்லதும் கெட்டதோடு சேர்ந்து வெளியேற நேரலாம். ஆனால் நிர்ப்பந்தம் வேறு, தீர்ப்பு வேறு. முதலாவதைச் செய்கிற கை இரண்டாவதையும் தானே எழுதிவிடுகிறது. நாம் விமர்சனத்தில் செய்வதும் இதைத்தான்: ஒரு கோஷ்டியை நிராகரிக்கும்போது அதிலிருந்த ஒரே நல்ல கவிஞனையும் சேர்த்துத் தள்ளுகிறோம், பிறகு, அவன் நல்ல கவிஞனே அல்ல என்று நிரூபிக்க ஒரு கட்டுரையும் எழுதுகிறோம்.

மெக்கானிக் இரண்டையும் கழற்றினார். செத்ததைப் பழைய ஈயத்துக்குப் போடத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். மற்றதை ஒரு பலகைமேல் வைத்து, மேலே சாக்பீஸால் 'நல்லது' என்று எழுதினார். "இதைக் குடுத்துடாதீங்க சார், தனியா இருந்தா இது ஓடும்." இப்போது அது தோட்டத்து ஷெட்டில் விளக்கு எரிக்கிறது.

நான் அந்த சாக்பீஸைக் கையில் எடுக்காதவன். அதே சட்டத்தின் 140-ஆவது பிரிவு, கடனை அடைத்த ஜாமீன்தாரருக்குக் கடன் கொடுத்தவரின் உரிமைகளையெல்லாம் தருகிறது. தான் நியாயமாகக் கட்டிய தொகையைக் கடனாளியிடம் திரும்பப் பெறலாம் என்கிறது 145-ஆவது பிரிவு. அவரைப் பணம் கட்ட வைத்த சட்டமேதான், கடன் பட்டவர் அவர் அல்ல என்றும் சொல்கிறது. அன்றைக்கே இரண்டும் எனக்குத் தெரியும். அவர் கேட்டதற்கு உண்மையான பதில் அங்கேதான் இருந்தது. அதைச் சொல்வதில் வங்கிக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. என்னை எந்த நிர்ப்பந்தமும் தடுக்கவில்லை. கவுன்ட்டரில் வரிசை நீண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பியதும் அவர் முகவரியைத் தேடி எடுத்து ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு பிரிவுகளையும் குறிப்பிட்டு, பணம் கட்டிய நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்பதையும் எழுதும்போதுதான் கை நின்றது. நான்கு வருஷமாகிவிட்டது. கடிதத்தைக் கிழிக்கவில்லை. அனுப்பினால் அது யாருக்குப் பயன்படும், அவருக்கா எனக்கா என்பது இன்னும் தீர்மானமாகவில்லை.