படிக்கும் தாய்க்கு உரியது

கணவனை இழந்தோ, கணவனால் கைவிடப்பட்டோ, தனியாளாய் நின்று குழந்தையை வளர்க்கும் ஒரு பெண், முப்பது வயதைக் கடந்தபின் பல்கலைக்கழகப் படிப்பை நாடி வருவாளாயின், அவள் படித்து முடிக்கும்வரை அவளுடைய ஜீவனத்துக்கும் குழந்தையின் பராமரிப்புக்கும் பொதுப்பணத்திலிருந்து உதவுவது சர்க்காரின் கடமையா, அல்லது மனமுள்ளவர்கள் செய்கின்ற தானமா என்ற கேள்வி, பெருநகரங்களைக் காட்டிலும் கேரளத்து மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு, நெல்லியாம்பதி முதலிய மலைத் தோட்டங்களிலும், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய எல்லைக் கிராமங்களிலும் கூர்மையாக எழுகிறது. இவ்விடங்களில் வாழும் தமிழ்ப் பெண்களுள் பலர் இளமையில் பள்ளியை விட்டது படிப்பில் நாட்டமின்மையால் அன்று. வீட்டுக்கு இன்னொரு கூலி தேவைப்பட்டது, அல்லது மேற்கொண்டு படிக்கத் தமிழ் வகுப்புள்ள பள்ளி எட்டாத் தொலைவில் இருந்தது.

கேரள சர்க்கார் இவர்களை மறந்துவிட்டது என்று சொல்வது நியாயமாகாது. விதவைக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் உண்டு. ஏழை விதவை மறுமணம் செய்துகொள்ள 'மங்கல்யா' என்ற திட்டத்தில் 25,000 ரூபாயும், சிறுதொழில் தொடங்க 'சகாயஹஸ்தம்' என்ற திட்டத்தில் 30,000 ரூபாயும் அளிக்கப்படுகின்றன. மணமாகாத தாய்க்கு ஒரு திட்டம் இருக்கிறது. பெண்ணே குடும்பத் தலைவியாயுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரையில் கல்வி உதவி இருக்கிறது. இவற்றை வகுத்தவர்களின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆயினும், பசித்தவளாகவும், மீண்டும் மணமகளாகக் கூடியவளாகவும், பெட்டிக்கடை வைக்கக் கூடியவளாகவும், பிள்ளையைப் படிக்க வைப்பவளாகவும் அவளை எண்ணிப் பார்த்த உள்ளம், தானே படிக்கக் கூடியவளாக அவளை எண்ணிப் பார்க்கவில்லை என்பதை இத்திட்டங்களைச் சேர்த்துப் படிக்கும் எவரும் உணராமலிருக்க முடியாது. மகள் கல்லூரியில் சேர்ந்தால் உதவி உண்டு; அதே வகுப்பில் தாய் சேர்ந்தால் அந்தத் திட்டத்தில் அவளுக்கு இடமில்லை.

இத்தனைக்கும், அவளைக் கல்லூரி வாசல்வரை அழைத்து வந்ததும் இதே ராஜ்யம்தான். பள்ளியை விட்டவர்களுக்காக எழுத்தறிவு இயக்கமான சாட்சரதா மிஷன் நடத்தும் பத்தாம் வகுப்புச் சமநிலைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். அதற்கு மேல் பன்னிரண்டாம் வகுப்புக்கும் அத்தகைய தேர்வு உண்டு. 2018-ஆம் ஆண்டில் 96 வயதுக் கார்த்தியாயினி அம்மா எழுத்தறிவுத் தேர்வில் 100-க்கு 98 மதிப்பெண் பெற்றபோது நாடே மகிழ்ந்தது. 2020-இல் கொல்லத்தில் ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தொடங்கப்பட்டது. கதவைத் திறந்து வைத்தது பெரிய காரியம். ஆனால் உள்ளே வருகிறவளின் இடுப்பில் ஒரு குழந்தை இருக்கிறது என்பதையும், அவள் வரும் நாளில் வீட்டில் கூலி வராது என்பதையும் கண்டுகொள்ளாத கதவு, பாதி திறந்த கதவே.

இந்தப் பாரத்தை முன்பு சுமந்தவர்கள் எவ்வாறு சுமந்தார்கள் என்று பார்ப்பது பயன்தரும். 1919-இல் சென்னையில் பிறந்த அ. லலிதா, 15 வயதில் மணமாகி, 18 வயதில், நான்கு மாதக் குழந்தை கையிலிருக்கக் கணவனை இழந்தார். அதன்பின் படிப்பைத் தொடர்ந்து, 1940-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து மின்பொறியியல் கற்று, இந்நாட்டின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவராகத் தேறினார். அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் பேராசிரியர். பெண்களே இல்லாத கல்லூரியில் மகளைச் சேர்க்கும்படி முதல்வர் கே. சி. சாக்கோவிடம் எடுத்துச் சொன்னவரும் அவரே. குழந்தையை உறவினர் பார்த்துக்கொண்டனர். லலிதாவின் அறிவையும் துணிவையும் இம்மியும் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்ததும் ஓர் உபகாரச் சம்பளமே. அதைக் கொடுத்தது சர்க்கார் அன்று, பிறந்த வீடு. பிறந்த வீடு இல்லாதவளுக்கு, அல்லது பிறந்த வீடும் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான அதே லயத்தின் அடுத்த அறையாயிருப்பவளுக்கு, அந்த ஸ்தானத்தில் நிற்க வேண்டியவர் யார் என்பதே இங்கு தீர்மானிக்க வேண்டிய விஷயம்.

சென்னை ராஜதானியில் இதற்கு ஒரு விடை கிடைத்ததுண்டு. தாமே பால்ய விதவையாயிருந்து 1911-இல் பி.ஏ. பட்டம் பெற்ற சகோதரி சுப்பலட்சுமி, இளம் விதவைகள் தங்கிப் படித்து ஆசிரியைகளாக வெளிவர 1912 முதல் இல்லம் நடத்தினார். பின்னர் சர்க்காரின் ஆதரவுடன் அது திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸில் நடந்தது. பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் வேண்டியிருந்த காலம் அது. ஆகவே உதவியில் கருணையோடு தேவையும் கலந்திருந்தது. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழ் வகுப்புகளுக்கு ஆசிரியரும், தோட்டத்து நோயாளியின் பேச்சு புரியும் தாதியும், லயத்துப் பெண் சொல்வதைத் தமிழிலேயே கேட்டு மனு எழுதித் தரும் அலுவலரும் இன்று வேண்டியிருக்கின்றனர்.

கல்லூரிச் சம்பளத்தைத் தள்ளுபடி செய்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணுவோர் பலர். தோட்டத்தில் ஒரு வாரத்தைக் கவனித்தால் அந்த எண்ணம் நிலைக்காது. காலையில் வருகைப் பதிவான மஸ்டரில் பெயர் கொடுத்து மலைச்சரிவில் ஏறுகிறவள், கொழுந்தை நிறுத்துக் கணக்குக் கொடுத்தபின்தான் லயத்துக்குத் திரும்புகிறாள். திறந்தநிலைப் படிப்பின் வகுப்புகள் சனி, ஞாயிறுகளில் நடக்கின்றன. சனிக்கிழமை வகுப்புக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. அந்தக் கூலியின் அருமை எத்தகையது என்பதை, 232 ரூபாய் நாட்கூலி போதாதென்று 2015 செப்டம்பரில் மூணாற்றுச் சாலையில் போராட அமர்ந்த தோட்டப் பெண்கள் உலகுக்கே தெரிவித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கூலி நஷ்டமில்லை. ஆனால் அன்று அங்கன்வாடியும் இல்லை, தோட்டத்துக் குழந்தைக் காப்பகமும் இல்லை. வேலை நாளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இடம் இருக்கிறது, படிக்கும் நாளில் இல்லை. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மண்டல மையங்களோ திருப்பூணித்துறை, பட்டாம்பி, கோழிக்கோடு, தலச்சேரி என்று சமவெளியில் இருக்கின்றன. இவை எல்லாவற்றையும்விடக் கடுமையானது ஒன்று: லயத்து அறை வேலையோடு சேர்ந்தது. முழுநேரப் படிப்புக்காக வேலையை விடுகிறவள் குடியிருப்பையும் விட வேண்டும்.

50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் இருந்தே தீர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. கொழுந்து பறிக்கும் கை தடையின்றி இயங்கக் குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. அதே கை பேனாவைப் பிடிக்கும்போது மட்டும் குழந்தை அவளுடைய சொந்தப் பிரச்சினையாகிவிடுமானால், அவளுடைய உழைப்புக்கு மரியாதை உண்டு, அவளுடைய அறிவுக்கு இல்லை என்றே பொருள்படும். மாறாக, இங்கிலாந்தில் முழுநேரம் படிக்கும் பெற்றோருக்குக் குழந்தைக் காப்புச் செலவில் 85 சதவீதம் வரையில் மானியமாகக் கிடைக்கிறது. அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

மறுபக்கத்தில் நிற்பவர்களின் வாதங்கள் இலேசானவை அல்ல. பணம் குறைவாயிருக்கையில் குழந்தைகளின் படிப்பே முந்தியது, தாய்க்கு வாய்ப்பு ஒருமுறை வந்து போய்விட்டது என்பார்கள். வந்துபோன வாய்ப்பு எது என்று கேட்க வேண்டும். பதினான்கு வயதில் கூலிக்கு அனுப்பப்பட்டவள் எதையும் நழுவவிடவில்லை. அவளிடமிருந்து அது எடுக்கப்பட்டது. மேலும் தாயின் கல்வியையும் சேயின் கல்வியையும் எதிரெதிர்த் தட்டில் வைப்பது, ஒரே அறையில் ஒரே விளக்கடியில் இருவரும் படிக்கும் வீட்டின் உண்மைக்குப் பொருந்தாது.

தனியாள் என்பதற்காக ஒருத்திக்குக் கொடுத்து, குடிகாரக் கணவனோடு அல்லல்படும் அடுத்த அறைக்காரிக்கு மறுப்பது நீதியா என்ற கேள்வி இன்னும் வலியது. அதற்கு முழுமையான விடை இல்லை. விதவை என்ற அந்தஸ்தை அளவுகோலாக்காமல், குழந்தையைப் பேணும் சுமை யார்மேல் தனித்து விழுகிறது என்பதை அளவுகோலாக்கினால் அநீதி குறையும். மனைவியை இழந்து பிள்ளைகளை வளர்க்கும் ஆணும் அப்போது விலக்கப்படமாட்டான். எல்லைக் கோட்டுக்கு அப்பால் சிலர் நின்றே தீருவர். ஆயினும் எல்லாருக்கும் கொடுக்க இயலாமை, ஒருவருக்கும் கொடாமைக்கு நியாயமாகாது.

அளவுகோலைப் பற்றிப் பேசும்போது, அதைப் பிடிக்கும் கையைப் பற்றியும் பேச வேண்டும். 60 வயதுக்கு உட்பட்ட விதவை, மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று ஆண்டுதோறும் சான்று கொடுத்தால்தான் ஓய்வூதியம் தொடர்கிறது. கைவிடப்பட்டவளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. இறந்த கணவனுக்குச் சான்றிதழ் உண்டு, ஓடிப்போன கணவனுக்கு எங்கே போவது? கல்வி உதவிக்கும் இந்த வழக்கமே வந்துசேருமானால், புத்தகமும் கையுமாய் இருக்க வேண்டியவள் சர்க்கார் சேவைக்கான அட்சயா மையத்திலும் வில்லேஜ் ஆபீஸிலும் தன் தனிமையை நிரூபித்துக்கொண்டு நிற்பாள். ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை விசாரித்துவிட்டுக் கொடுக்கும் பணம் எவ்வளவு பெரிதாயினும் அது தர்மத்தின் பாற்பட்டதாகாது.

எல்லைப் பெண்ணுக்கு இன்னொரு துன்பமும் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்த பெண்கள் உயர்கல்வி கற்க மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது. கேரளத்து மறையூரில் படித்தவளுக்கு, மலைக்குக் கீழே உடுமலைப்பேட்டைக் கல்லூரியில் சேர்ந்தாலும் அது எட்டாது. கேரளத்திலோ சித்தூர் அரசுக் கல்லூரி போன்ற சில இடங்களை விட்டால் தமிழில் உயர்கல்விக்கு வழி அருகியே இருக்கிறது. இரண்டு ராஜ்யங்களும் தத்தம் கணக்கில் குற்றமற்றவை. இரண்டின் கணக்கிலும் அவள் பெயர் இல்லை.

பட்டம் பெற்றவர்களே வேலையின்றித் திரியும் நாட்டில் இவளுக்குப் பட்டம் எதற்கு என்ற வாதம் எஞ்சியிருக்கிறது. அதில் உண்மை இருப்பதால்தான் இந்த உதவி கடனாக இருத்தல் கூடாது. வேலை கிடைக்காத அபாயத்தைத் தாங்கச் சக்தி மிகக் குறைந்தவளின் தலையில் அதை ஏற்றிவைத்து, அதற்கு வட்டியும் கேட்பது கொடுமை. பாதியில் படிப்பை நிறுத்த நேர்ந்தாலும் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது தகாது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதால் தேர்வு எழுதாதவளிடம் எந்த நீதியின் பெயரால் வசூல் செய்வது? மீண்டும் வந்து சேர அவளுக்கு இரண்டாம் முறையும், மூன்றாம் முறையும் இடம் வைத்திருக்க வேண்டும். படிப்புக் காலத்தில் லயத்து அறையை அவளிடமே விட்டுவைக்கும்படி தோட்ட நிர்வாகத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்துவதா, அல்லது சர்க்காரே வாடகை கொடுத்து அமர்த்துவதா என்பதைச் சட்டம் இயற்றுவோர் முடிவு செய்யட்டும். காப்பகத்தை 1951-இல் விதிக்க முடிந்த அதிகாரத்துக்கு இதை விதிப்பது அரிதன்று.