அறிந்தவன் ஏன் செய்ய வேண்டும்?

சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு நெறிகளைச் சொல்கிறது. கோயிலைக் கூட்டி மெழுகுவதும் நந்தவனம் வைப்பதும் சரியை. பூசை கிரியை. மனத்தை ஒருமுகப்படுத்தி நிற்பது யோகம். அறிந்து அந்த அறிவிலேயே நிலைப்பது ஞானம். இந்த வரிசை நம் மனத்தில் ஏணியாகவே பதிந்துவிட்டது: மேல்படிக்குப் போனவனுக்குக் கீழ்ப்படி வேண்டாம், கையால் செய்வது தொடக்கக்காரனின் வேலை, அறிவது முதிர்ந்தவனின் நிலை. பல்கலைக்கழகமும் இதே ஏணியைத்தான் வேறு பெயர்களில் வைத்திருக்கிறது. செய்முறைப் பயிற்சி கீழே, கோட்பாடு மேலே. அதனால்தான் சினிமா சொல்லித்தரும் பேராசிரியர் ஒருவர் தானே படம் எடுக்கக் கிளம்பினால், துறையில் அதை ஓய்வுநேர ஆசை என்கிறார்கள். கோடம்பாக்கத்தில் ‘வாத்தியார் படம்’ என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே பிழையைத்தான் இரண்டு பக்கம் நின்று செய்கின்றன. கலையைப் பற்றிய அறிவு செயலைக் கடந்து மேலே போய்விடுகிற அறிவு அல்ல, செயலுக்குத் திரும்பித் திரும்பி வந்தாக வேண்டிய அறிவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சொர்ணவேல் ஈஸ்வரனின் தொழில்வாழ்க்கை இதைச் சோதித்துப் பார்க்க ஏற்றது. புனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர். பின்னர் அமெரிக்கா சென்று ஆய்வாளராகி, மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருப்பவர். தமிழில் ‘சினிமா: சட்டகமும் சாளரமும்’ எழுதினார். மாடர்ன் தியேட்டர்ஸ் உள்ளிட்ட பழைய ஸ்டுடியோக்களை ஆராயும் ‘மெட்ராஸ் ஸ்டுடியோஸ்’ என்ற ஆங்கில நூல் 2015இல் வந்தது. ஏணிக் கணக்குப்படி பார்த்தால் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்: மாணவர், படைப்பாளி, ஆய்வாளர், பேராசிரியர். ஆனால் அவர் பேராசிரியராக இருந்துகொண்டே ஆவணப்படங்கள் எடுத்தார். ‘மைக்ரேஷன்ஸ் ஆஃப் இஸ்லாம்’ 2014இல், சுனாமிக்குப் பிந்தைய நாகப்பட்டினத்தைப் பற்றிய படம் 2018இல். 2019இல் மிஷ்கினை நடிக்க வைத்து ‘கட்டுமரம்’ என்ற கதைப்படம். ஸ்டுடியோ என்ற அமைப்பு கதையையும் வகைமையையும் எப்படி வடிவமைத்தது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர், ஸ்டுடியோவே இல்லாமல் ஒரு மீனவக் கரைக்குப் போய்ப் படம் எடுத்தார். இங்கே வரிசை முக்கியம். நூல் முன்னே, கதைப்படம் பின்னே. ஞானத்திலிருந்து கிரியைக்கு இறங்கினார் என்று ஏணிக்காரர்கள் சொல்லலாம். ஆனால் அது இறக்கமா என்பதுதான் கேள்வி.

தமிழ் மரபில் இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு, அதுவும் ஏணியை நமக்குத் தந்த சைவத்துக்குள்ளேயே. அப்பர் எனப்படும் திருநாவுக்கரசர் முதலில் பாடலிபுரத்துச் சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை ஏற்றிருந்த கல்விமான் என்கிறது பெரியபுராணம். இன்றைய பேச்சில் சொன்னால் துறைத் தலைவர். சூலை நோயோடு திருவதிகைக்கு வந்து, கோயிலில் அலகிட்டு மெழுகிவந்த தமக்கை திலகவதியாரிடம் சேர்ந்தபின் அவர் கையில் எடுத்தது உழவாரம். புல் செதுக்கும் கருவி. கடைசியில் திருப்புகலூரில் அந்த உழவாரம் பட்ட இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தபோது, அவற்றையும் கல்லோடு கல்லாக வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார் என்கிறார் சேக்கிழார். சரியைக்கு எடுத்துக்காட்டாக மரபு இவரைத்தான் காட்டுகிறது. அப்படியானால் நால்வரில் மிகக் கீழ்ப்படியில் நின்றவர் அப்பரா? எந்தச் சைவரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார். கல்வியின் உச்சியைக் கண்டவர் ஒருவர் வாழ்நாள் முழுதும் செதுக்கிக்கொண்டே இருந்தார் என்பதை ஏற்று வணங்கும் மரபு, சரியை என்பது ஞானத்துக்கு முன்னால் முடிந்துபோகும் கட்டம் அல்ல என்பதையும் தானறியாமலே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

வலுவான மறுப்பு வேறிடத்திலிருந்து வரும். ஞானத்துக்குச் செயலின் துணை வேண்டுமா என்ற கேள்வியில் ஆதிசங்கரர் கறாராக இருந்தார்: வேண்டாம். அவருடைய காரணம் எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. அறிவு பொருளைச் சார்ந்தது. உள்ள பொருளை உள்ளபடி காட்டுவதோடு அதன் வேலை தீர்ந்தது. செயல் செய்பவனைச் சார்ந்தது. அவன் செய்யலாம், செய்யாமல் விடலாம், வேறு விதமாகவும் செய்யலாம். பிரம்மம் ஏற்கெனவே இருப்பது, உண்டாக்கப்பட வேண்டியது அல்ல. ஆகவே அதை அறியச் செயல் எதையும் சேர்க்காது. இந்த வாதத்தை அப்படியே சினிமாவுக்குக் கொண்டுவந்தால், திரையில் படம் ஏற்கெனவே இருக்கிறது, பேராசிரியர் அதைத் தெளிவாகக் கண்டால் போதும் என்று ஆகும். பாதி வரை இது உண்மைதான். எடுத்து முடிந்த படம் ஒரு பொருள். அதை அறிவதற்கு இன்னொரு படம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் மாணவன் வகுப்புக்கு வருவது முடிந்த படங்களை அறிவதற்கு மட்டுமல்ல. இன்னும் இல்லாத ஒரு படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறான். அந்தப் படம் செய்பவனைச் சார்ந்தது. செய்யலாம், விடலாம், வேறு விதமாகவும் செய்யலாம் என்ற மூன்று வாசல்களும் அதற்குத் திறந்திருக்கின்றன. சங்கரரின் அளவுகோலாலேயே அளந்தால், எடுக்கப்போகிற படம் செயலின் எல்லைக்குள் வருகிறது. அங்கே வெறும் அறிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வழிகாட்ட முடியாது.

புனே திரைப்படக் கல்லூரியில் படம் எடுக்காத ஆசிரியர், படம் எடுத்த ஆசிரியர் என்ற இரண்டு வகையினரும் ஒரே வளாகத்தில் இருந்தார்கள். பிரபாத் ஸ்டுடியோ இருந்த இடத்தில் 1960இல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்குச் சதீஷ் பகதூர் வந்தபோது அவர் பொருளாதாரம் கற்பித்த ஆசிரியர், படைப்பாளி அல்ல. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யை ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுதிவைத்து, ஒரு படத்தை எப்படிப் படிப்பது என்று பல தலைமுறை மாணவர்களுக்குக் கற்றுத்தந்தார். படம் எடுக்காதவர் சினிமா சொல்லித்தரக் கூடாது என்று யாராவது சொன்னால் அவரைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். 1960களின் நடுவில் அங்கே குறுகிய காலம் ஆசிரியராக இருந்த ரித்விக் கட்டக் வேறு வகை. ‘மேக டாக்க தாரா’, ‘கோமல் காந்தார்’, ‘சுவர்ணரேகா’ என்ற மூன்றையும் எடுத்துவிட்டு, அடுத்த கதைப்படத்துக்கு வழியில்லாமல் நின்ற காலத்தில் அவர் வகுப்பறைக்குள் போனார். அந்தப் புனே நாட்களைத் தம் வாழ்வின் மகிழ்ச்சியான காலங்களில் ஒன்றாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மணி கௌல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம் அவருடைய மாணவர்கள். மூன்று பேரில் ஒருவர்கூடக் கட்டக்கைப் போலப் படம் எடுக்கவில்லை. கௌலின் ‘உஸ்கி ரோட்டி’க்கும் ஜானின் ‘அக்ரகாரத்தில் கழுதை’க்கும் (1977) என்ன ஒற்றுமை சொல்லமுடியும்? (ஜானின் படத்தில் கழுதைக்குட்டியை வளர்த்து ஊர்ப்பகையைத் தேடிக்கொள்பவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர் என்பது தற்செயலோ என்னவோ.) விதிகளைக் கற்றுக்கொடுத்திருந்தால் பிரதிகள் வந்திருக்கும். விதி எந்த இடத்தில் கைவிடும், அப்போது எப்படித் தனியே முடிவெடுப்பது என்பதைக் கற்றுக்கொடுத்ததால்தான் மூவரும் மூன்று திசையில் போனார்கள் என்று நான் எண்ணுகிறேன். அதைச் சொல்லித்தர, விதி தன்னைக் கைவிட்ட அனுபவம் ஆசிரியருக்கு இருந்தாக வேண்டும்.

அப்படியானால் செய்தால் மட்டும் போதுமே, பல்கலைக்கழகம் எதற்கு என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்பார்கள். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் ஒரு பையன் மேஸ்திரி பக்கத்தில் நின்றே தொழிலைக் கற்றுக்கொள்கிறான். எந்த நூலும் அவனுக்குத் தேவைப்படவில்லை. சினிமாவும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. நாமக்கல் மாவட்டத்து எருமப்பட்டிக்காரர்களுக்கு இதற்கான உதாரணம் நாமக்கல் தாண்டிச் சேலத்திலேயே இருக்கிறது. டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ 1938இல் அங்கேதான் உருவானது. 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வண்ணத்தில் வந்தது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்துவிட்டு 1935இல் இந்தியாவுக்கு வந்த எல்லிஸ் ஆர். டங்கன், 1950இல் ‘மந்திரி குமாரி’யை இயக்கியது இந்த நிறுவனத்துக்குத்தான். தமிழ் தெரியாத அந்த அமெரிக்கர் வகுப்பறையில் கற்றதைச் சேலத்து ஆட்களோடு சேர்ந்து செய்தார். அருகில் நின்றவர்கள் பார்த்துக் கற்றார்கள். ஆனால் அவர்கள் விட்டுச்சென்றவை படங்கள். செய்முறையைச் சிந்தித்து எழுதிவைப்பது அவர்கள் வேலையாக இருக்கவில்லை. இன்று ஏற்காடு சாலையில் நிற்பது அந்த நிறுவனத்தின் நுழைவு வளைவு. அந்த வளைவுக்கு உள்ளே எப்படி யோசித்தார்கள், ஏன் அந்த வகைக் கதைகளைத் தேர்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ள மிச்சிகனில் இருக்கும் ஒரு பேராசிரியரின் நூலைத் தேட வேண்டியிருக்கிறது. அறிவு செயலுக்குத் திரும்பாவிட்டால் வறண்டுபோகும் என்றால், செயல் அறிவாகத் திரளாவிட்டால் செய்தவரோடு போய்விடும். பின்னதும் குறைந்த இழப்பல்ல.

இன்னொரு மறுப்பு கூர்மையானது. அதற்கு என்னிடம் பாதி பதில்தான் உண்டு. பேராசிரியர்கள் எடுக்கும் படங்கள் கோட்பாட்டுக்கு எடுத்துக்காட்டாகவே முடிகின்றன, அவற்றுக்குச் சொந்த உயிர் இல்லை என்பது அது. தண்டியலங்காரத்தில் அணியிலக்கணத்தை எழுதியவரே எடுத்துக்காட்டு வெண்பாக்களையும் பாடினார் என்பது மரபு. அவற்றில் சில அழகானவை. ஆனாலும் தமிழ் வாசகர் தன் துயரத்தின்போது தண்டியின் எடுத்துக்காட்டையா நினைத்துக்கொள்கிறார்? இலக்கணக்காரன் பாடிய பாட்டில் இலக்கணம் எங்கோ எட்டிப்பார்க்கும். பேராசிரியர் படங்களில் இந்த ஆபத்து இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆபத்து இருக்கிறது என்பதும், அது தவிர்க்கமுடியாதது என்பதும் ஒன்றல்ல. ‘கட்டுமர’த்தின் கதையை எடுத்துக்கொள்ளலாம். தன் பொறுப்பில் வளர்ந்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் மீனவர் ஒருவர். அந்தப் பெண்ணோ இன்னொரு பெண்ணை விரும்புகிறாள். கருத்தரங்கில் இது ஒரு வாக்கியத்தில் தீர்ந்துவிடும். கதைக்கு அப்படித் தீராது. அந்த மீனவர் கெட்டவரும் இல்லை, அவருக்கென்று ஓர் ஊர் இருக்கிறது, அந்த ஊருக்கென்று ஒரு வாய் இருக்கிறது. இதையெல்லாம் காட்சியாக்க உட்காரும்போது, கட்டுரையில் தனக்குக் கைகொடுத்த சொற்கள் பலவும் உதவாமல் போவதை எழுதுபவர் கண்டாக வேண்டும். படம் பெரும்படைப்பா இல்லையா என்பது வேறு விவாதம். தன் கோட்பாடு போதாத ஓர் இடத்துக்குத் தானே போய் நின்றாரா என்பதே இங்கே கேள்வி, அவர் நின்றார்.

மாதச் சம்பளம் வாங்குகிறவனின் துணிச்சல் என்ன பெரிய துணிச்சல் என்று கேட்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. சுயாதீனம் என்பது பட்டினி அல்ல. படத்தில் எது இருக்கும், எது இருக்காது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் சுயாதீனம். எத்தியோப்பியாவில் பிறந்த ஹைலே கெரிமா 1975 முதல் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சினிமா கற்பித்தவர். அடிமை வணிகத்தைப் பற்றிய ‘சங்கோஃபா’வை 1993இல் முடித்தபோது அமெரிக்க விநியோகஸ்தர்கள் கைவிரித்தார்கள். அவர் அரங்குகளைத் தாமே வாடகைக்குப் பிடித்து ஊர் ஊராகத் திரையிட்டார். சம்பளம் அவருக்குக் கொடுத்தது சொகுசல்ல, படத்தை வெட்டச் சொன்னால் மறுக்கும் வசதி. இங்கே பகவத் கீதையைக் கொண்டுவந்து, பலனில் பற்றில்லாமல் செய்வதே கர்மயோகம், ஆகவே யாரும் பார்க்காவிட்டாலும் கவலையில்லை என்று ஆறுதல் சொல்பவர்களும் உண்டு. அது தப்பிக்கும் வழி. பலனில் பற்றை விடுவது வேறு, பார்வையாளரை விடுவது வேறு. வசூலை எதிர்பார்க்காமல் எடுத்த படத்துக்குத் தாமே அரங்கு தேடிப்போன கெரிமா அந்த வேறுபாட்டை அறிந்திருந்தார். நம் பேராசிரியர்களின் படங்களோ பெரும்பாலும் திரைப்பட விழாக்களோடு நின்றுவிடுகின்றன. அவை சேலத்துக்கோ நாமக்கல்லுக்கோ வருவதில்லை என்பது அவற்றின் உண்மையான குறை. வாத்தியார் எடுத்தது என்பது குறையே அல்ல.

எருமப்பட்டியிலிருந்து விஸ்காம் படிக்கக் கிளம்பும் பிள்ளைகளுக்கும் பணம் கட்டும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கல்லூரியில் கேமரா எத்தனை, எடிட்டிங் சூட் எத்தனை என்று விசாரிப்பதோடு நிற்காதீர்கள். பாடம் எடுக்கப்போகும் ஆசிரியரைப் பார்த்து, “சார், நீங்க கடைசியா எடுத்த படம் எது, அதுல எது சரியா வரல?” என்று கேளுங்கள். படமே எடுத்ததில்லை என்றால், எந்தப் படத்தை ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுதியிருக்கிறார் என்று கேளுங்கள். இரண்டில் ஒன்றுக்காவது பதில் இருக்கும் கல்லூரியில் சேருங்கள்.