குழந்தையின் பெயரால்

சட்டமொன்று குழந்தையின் பெயரால் அரங்கேறும்போது அதனை ஐயுற்று நோக்குவதற்கு எவருக்கும் மனம் எளிதில் இடங்கொடாது. வரியின் பெயராலோ தேசப் பாதுகாப்பின் பெயராலோ வரும் சட்டத்தை மக்கள் துணிந்து கண்டிப்பர். குழந்தையின் பெயரால் வருவதைக் கண்டிப்பவனோ, தான் குழந்தைகளின் பகைவன் அல்லன் என்பதை முதலில் நிறுவிவிட்டே வாய்திறக்க வேண்டியவனாகிறான். இணையத்திலே சிறார்மீது நிகழும் பாலியற் கொடுமையைத் தடுக்கவென அண்மை ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நம் நாட்டிலும் எழுந்த முயற்சிகளை ஆராயப் புகுவோருக்கு இந்த இக்கட்டு உண்டு. எனினும் ஆராயாது விடுதல் தகாது. அறத்தின் துணையோடு வரும் அதிகாரமே மிகக் குறைந்த கேள்விகளோடு ஏற்கப்படுகின்றது.

கொடுமை உண்மையானது, அதனைச் சிறுமைப்படுத்துவோரோடு நமக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்காவில், காணாமற்போன, சுரண்டப்பட்ட சிறாருக்கான தேசிய நிலையத்திற்கு 2023ஆம் ஆண்டில் மட்டும் 3 கோடி 60 இலட்சத்துக்கு மேற்பட்ட அறிவித்தல்கள் வந்து சேர்ந்தன. ஒரே படம் பன்முறை கைமாறும்போது பன்முறை அறிவிக்கப்படுவதால் இத்தொகையைக் குழந்தைகளின் தொகையாகக் கொள்ளல் தவறு. ஆயினும் அக்கைமாற்றமே ஒரு தனிக் கொடுமை என்பதை மறத்தலாகாது. எட்டு வயதிலே எடுக்கப்பட்ட படம், அப்பெண் முப்பது வயதெய்தித் தானும் தாயான பின்னரும், அவள் முகமறியாத ஆயிரம் பேரிடம் கிடக்கின்றது. தெருவில் எதிர்ப்படும் அந்நியன் ஒருவன் சற்றுக் கூர்ந்து நோக்கினால், இவனும் பார்த்தவனோ என அவள் நெஞ்சம் நடுங்கும். ‘உங்கள் கடிதங்களின் இரகசியம் என் உடலினும் பெரிதோ?’ என்று அவள் கேட்பாளாயின், சட்டநூற் பக்கமொன்றைப் புரட்டிக் காட்டுவது அதற்கு விடையாகாது.

2022 மே 11ஆம் நாள் ஐரோப்பிய ஆணைக்குழு வெளியிட்ட சட்ட வரைவு இக்கேள்விக்கு ஒரு விடை கூற முயன்றது. நீதிமன்றமோ சுயாதீன அதிகார சபையோ கட்டளையிடுமாயின், செய்திப் பரிமாற்றச் சேவை நடத்தும் கம்பெனி தன் வழியாகச் செல்லும் செய்திகளைத் துருவி, சிறாரைப் பாலியல் முறையிற் சுரண்டும் படங்களையும் உரையாடல்களையும் கண்டறிந்து அறிவித்தல் வேண்டும் என்பது அதன் சாரம். அனுப்புவோனும் பெறுவோனும் அன்றி இடையில் எவரும் வாசிக்கவியலாதவாறு பூட்டப்பட்ட செய்திகளுக்கும் அதில் விலக்கு இல்லை. பூட்டை உடையாமல் வாசிப்பது எங்ஙனம்? பூட்டு விழுமுன்னரே, அனுப்புவோனின் கைத்தொலைபேசிக்குள்ளேயே பார்த்துவிடலாம் என்றனர் சிலர். கடிதத்தை உறையிலிடுமுன் எழுதுவோனின் தோளுக்குப் பின்னே நின்று வாசிப்பதற்கு இஃது ஒப்பாகும். உறை கிழியவில்லை என்பது மட்டும் உண்மை. இத்தகையதொரு திட்டத்தை அப்பிள் கம்பெனி 2021 ஓகஸ்டில் அறிவித்து, அறிஞர் பலர் எதிர்த்த பின்னர் 2022 டிசெம்பரில் கைவிட்டது.

தேடப்படுவன எல்லாம் ஓரினத்தன அல்ல என்பதை இங்கு விளங்கிக்கொள்ளல் வேண்டும். முன்னரே அறியப்பட்ட படத்துக்குக் கைரேகை போன்றதோர் எண்கோவையை வகுத்து, அதே படம் மீண்டும் தோன்றும்போது இனங்காணும் முறையை 2009இல் மைக்ரோசொப்ட் கம்பெனியும் பேராசிரியர் ஹானி பரீட்டும் உருவாக்கினர். இம்முறை பெரிதும் நம்பத்தக்கது. எவரும் முன்னர் காணாத புதிய படத்தையும், குழந்தையை நயந்து வசப்படுத்தும் பேச்சையும் கண்டறிவது வேறு சங்கதி. அங்கே இயந்திரம் ஊகிக்கின்றது. ஆயிரத்தில் ஒன்றே பிழைக்கும் இயந்திரம் எனக் கொண்டாலும், நாளொன்றுக்கு நூறு கோடி படங்களை அது பார்க்குமாயின் பத்து இலட்சம் முறை பிழைபடும். அப்பிழை ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு மனிதன் நிற்கிறான்.

அத்தகைய மனிதன் ஒருவனின் கதை 2022 ஓகஸ்டில் அமெரிக்கப் பத்திரிகையில் வெளியாயிற்று. 2021 பெப்ரவரி மாதம், கொள்ளைநோய்க் காலம். சான்பிரான்சிஸ்கோ நகரிலே தந்தை ஒருவர் தம் சிறுமகனின் பிறப்புறுப்பிலே வீக்கத்தைக் கண்டார். மருத்துவர் நேரிற் பார்க்கவியலாத நிலையில் படமெடுத்து அனுப்புமாறு மருத்துவத்தாதி கேட்க, அவ்வாறே செய்தனர். மருந்து கிடைத்தது, பிள்ளையும் தேறியது. ஆனால் படம் தந்தையின் தொலைபேசியிலிருந்து கூகிள் கம்பெனியின் களஞ்சியத்துக்குத் தானாகவே சென்றிருந்தது. அங்கே இயந்திரம் அதனைக் குற்றமெனத் தீர்த்தது. இரண்டு நாளில் அவருடைய மின்னஞ்சல், தொலைபேசி இலக்கம், குடும்பப் படங்கள் யாவும் பறிபோயின. பொலிசார் அவருடைய கணக்குகளையெல்லாம் துருவிப் பார்த்து, குற்றம் ஏதும் நிகழவில்லை என முடிவு செய்தனர். அவரைத் தொடர்புகொள்ள அவ்வதிகாரி முயன்றபோது தொலைபேசியும் இயங்கவில்லை, மின்னஞ்சலும் இயங்கவில்லையாம்! அரசாங்கம் நிரபராதி என்றது. கம்பெனியோ தன் தீர்ப்பை மாற்ற மறுத்துவிட்டது. குற்றஞ்சாட்டியவர், சாட்சி, நீதிபதி, மேன்முறையீட்டு மன்றம் ஆகிய அனைத்தும் ஒரே முதலாளியாக இருக்கும் நீதிமுறையை எந்த நாட்டு மக்களும் வாக்களித்து ஏற்படுத்தவில்லை.

இயந்திரத்தை நாளை செம்மையாக்கிவிடலாம் என்பர். ஆகலாம். ஆனால் ஒருமுறை நிறுவிய அதிகாரத்தை அதன் முதல் நோக்கத்தோடு கட்டிவைக்க இயலுமா? 1885 யூலையில் வில்லியம் ஸ்டெட் என்ற பத்திரிகாசிரியர், இலண்டன் மாநகரின் வறிய சிறுமியர் விலைக்கு விற்கப்படுவதைத் தொடர் கட்டுரைகளாக எழுதி ஆங்கில நாட்டையே உலுக்கினார். ஆண்டுக்கணக்காகத் தூங்கிக்கிடந்த சட்டமூலம் அடுத்த மாதமே நிறைவேறியது. பாலுறவுக்கு இசையும் வயதெல்லை 13இலிருந்து 16 ஆக உயர்ந்தது. இது நற்செயல் என்பதில் ஐயமில்லை. (சிறுமியொருத்தியை விலைகொடுத்து வாங்கிக் காட்டியமைக்காக ஸ்டெட்டும் மூன்று மாதச் சிறையனுபவிக்க நேர்ந்தது.) ஆனால் அதே சட்டத்திலே, கடைசி வேளையில், லபூஷேர் என்ற உறுப்பினர் ஒரு பிரிவைச் செருகினார். வயதுவந்த ஆடவர் இருவர் தனிமையில் கொள்ளும் உறவையும் அது குற்றமாக்கிற்று. 1895இல் ஒஸ்கார் வைல்ட் இரண்டாண்டுக் கடூழியச் சிறைக்கு அனுப்பப்பட்டது அப்பிரிவின் கீழேயாம். சிறுமியரைக் காக்கக் கட்டிய வீட்டின் பின்வாசல் வழியே வேறு எவரோ புகுந்துவிட்டனர்.

நம் நாட்டிலும் இதன் சாயலைக் கண்டோம். 2024 ஜனவரி 24 அன்று பாராளுமன்றத்தில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை ஆதரித்தோர் சிறுவர் துஷ்பிரயோகத்தையும் ஒரு காரணமாகக் காட்டினர். ஆனால் சிறாரின் ஆபாசப் படங்களை எடுப்பதும் பரப்புவதும் 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தாலேயே குற்றமாயின. 2006ஆம் ஆண்டின் திருத்தம் கணினிச் சேவை வழங்குவோர் மீதும் கடமை விதித்தது. புதிய சட்டம் புதிதாகக் கொணர்ந்தது யாது? எது பொய்யான கூற்று எனத் தீர்மானிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழு! குழந்தையை முன்னே நிறுத்தி, அதன் நிழலிலே அரசியல் விமர்சகனின் வாயை அளவெடுத்தனர் என்று எழுத்தாளரும் பத்திரிகையாளரும் அஞ்சியதில் வியப்பில்லை.

இனி, இக்கொடுமையின் வேரை நோக்குவோம். பிலிப்பைன்ஸ் நாட்டிலே, வறிய குடியிருப்புகளில், செல்வந்த நாட்டு ஆடவர் பணம் அனுப்பிக் கட்டளையிட, குழந்தைகள் கணினிக் கண்முன்னே நேரலையாக வதைக்கப்படுகின்றனர். வதைப்பவர் பெரும்பாலும் குழந்தையின் பெற்றோராகவோ நெருங்கிய உறவினராகவோ இருப்பது இதன் பயங்கரம். அந்நாடு 2022இல் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. எண்கோவைக் கைரேகை இங்கே பயன்படாது. நேரலைக்கு முன்னரே அறியப்பட்ட படம் என ஒன்று இல்லை. ஆனால் பணம் ஒரு தடத்தை விட்டுச்செல்கிறது. பணம் அனுப்பும் நிலையங்களின் ஏடுகளைப் புரட்டினால், உறவு ஏதுமற்ற கடல்கடந்த நாட்டவன் ஒருவன் அச்சேரிக்கு மீண்டும் மீண்டும் சிறுதொகை அனுப்புவது தென்படும். அத்தடத்தைப் பின்தொடரப் பயின்ற அலுவலர் வேண்டும். மீட்கப்பட்ட குழந்தைக்கு இல்லம் வேண்டும். அதற்குமேல் அவ்வில்லத்துக்கு வெளியே வறுமையில்லாத ஒரு வீடு வேண்டும். இவையெல்லாம் செலவு வைப்பன. எல்லோருடைய செய்திகளையும் துருவும் இயந்திரத்தின் செலவையோ கம்பெனியின் தலையிலே கட்டிவிடலாம். ஆளும் வர்க்கத்தாருக்கு அவ்வழி இனிப்பதன் இரகசியம் இதுவே என்பேன்.

வேறொன்றும் உண்டு. குழந்தையின் பாதுகாப்பு ஒரு தட்டு, வளர்ந்தோரின் அந்தரங்கம் மறுதட்டு எனத் தராசு பிடிப்பதே இவ்விவாதத்தின் வழக்கமாகிவிட்டது. குழந்தைக்கு அந்தரங்கம் இல்லையென யார் கூறினர்? 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயம் 34ஆம் உறுப்புரையிலே பாலியற் சுரண்டலிலிருந்து குழந்தைக்குக் காப்பளிக்கின்றது. அதே சமவாயம் 16ஆம் உறுப்புரையிலே குழந்தையின் அந்தரங்கத்தையும் கடிதப் போக்குவரத்தையும் காக்கின்றது. வீட்டுக்குள்ளேயே வதைபடும் சிறுமி தன் தோழிக்கோ ஆசிரியைக்கோ எழுதும் முதற் சொற்கள், தகப்பன் காணக்கூடாத சொற்கள். பூட்டிய கடிதம் வேறெவரினும் அவளுக்கே தேவை. தன் சொல் எங்கோ ஓர் இயந்திரத்தால் வாசிக்கப்பட்டு, மறுநாள் பொலிசாராக வாசலில் வந்து நிற்கும் என அறிந்தால் அவள் எழுதுவாளா? காதல்வயப்பட்ட பதினாறு வயதுப் பிள்ளைகள் தமக்குள் பரிமாறும் படங்களையும் இவ்வியந்திரம் குற்றப்படமென்றே கொள்ளும். அப்படம் பின்னர் முன்பின் அறியாத அலுவலர் சிலரின் மேசையில் விரியும்.

ஐரோப்பாவில் இவ்வரைவு நெடுநாள் இழுபட்டது. 2023 நவெம்பரில் ஐரோப்பியப் பாராளுமன்றம் பூட்டிய செய்திகளை விலக்கிவிடக் கோரிற்று. உறுப்பு நாடுகளின் சபை 2025 நவெம்பரில், கட்டாயத் தேடுதலைக் கைவிட்டதொரு நிலைப்பாட்டுக்கு வந்தது. சுதந்திரத்தின் காவலர் பலர் இதனை வெற்றியெனக் கொண்டாடினர். அவர்களோடும் நமக்கு ஒரு பிணக்குண்டு. கடிதத்தைத் திறக்காதே எனக் கூறிவிட்டு வீட்டுக்குப் போய்விடுதல் அப்பெண்ணின் கேள்விக்கு விடையன்று. அறியப்பட்ட படங்களை அவை வெளிப்படையாகக் குவிந்துகிடக்கும் களஞ்சியங்களிலே தேடி அழிப்பதற்குத் தடையேதும் இருத்தலாகாது; அதனைக் கம்பெனிகள் செய்யாதுவிடின் தண்டிக்கவும் வேண்டும். இதனை ஏற்காதவரின் சுதந்திரம், சுரண்டுவோனின் சுதந்திரமேயாகும்.

மீண்டும் நம் நாட்டுக்கு வருவோம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையும், 1929 என்ற தொலைபேசி இலக்கமும் நம்மிடம் உள்ளன. தாய் மத்திய கிழக்கிலே வீட்டு வேலைக்குச் சென்றிருக்க, பாட்டியோடோ மாமனோடோ வளரும் தோட்டத்துச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். தாய் வாங்கி அனுப்பிய கைத்தொலைபேசி அவள் கையிலிருக்கிறது. அதில் அவள் அந்நான்கு இலக்கங்களையும் அழுத்துகிறாள். மறுமுனையில் அவளுடைய மொழியிலே, நள்ளிரவிலும், பதறாமல் கேட்க ஒருவர் இருக்கிறாரா? அவர் கேட்டதைக் கொண்டு விடியுமுன் லயத்தின் வாசலுக்கு வரக்கூடிய நன்னடத்தை அலுவலர் எத்தனை மைலுக்கு அப்பால் இருக்கிறார்? வழக்கு நீதிமன்றில் முடியும்போது அவளுக்கு வயது என்னவாயிருக்கும்? யாருடைய கடிதங்களைத் திறக்கலாம் என்று கேட்குமுன் நம் பாராளுமன்ற உறுப்பினர் விடைகூற வேண்டிய கேள்விகள் இவை. வரவுசெலவுத் திட்ட விவாதம் ஆண்டுதோறும் வருகின்றது.