முள்ளுக்குப் பக்கத்தில் நிற்பவன்

டைல்ஸ் ஒட்டும் முன் பிளம்பர் குழாய்க்கு பிரஷர் டெஸ்ட் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் நிரப்பி, உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் வெளியேற்றிவிட்டு, வழக்கமான அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றுவார்கள். கேஜ் முள் இறங்காமல் நின்றால் பாஸ்.

சிலர் தண்ணீருக்குப் பதிலாக கம்ப்ரஸர் வைத்துக் காற்றடிக்கிறார்கள். சுவர் நனையாது, வேலையும் சீக்கிரம் முடியும். முள் காட்டுகிற எண் என்னவோ அதேதான். ஆனால், தண்ணீர் அநேகமாக அமுங்குவதே இல்லை. ஜாயின்ட் விட்டால் கொஞ்சம் பீய்ச்சிவிட்டு அடங்கிவிடும். அமுக்கிய காற்று ஸ்பிரிங் மாதிரி. வெடித்தால் பி.வி.சி. குழாய் சில்லுசில்லாகப் பறக்கும்.

சுவர் உங்களுடையது, சரி. முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பையனின் கண்? தினக்கூலிக்கு வந்தவன், ‘நான் தள்ளி நிக்கறேன் சார்’ என்று சொல்வானா? மேஸ்திரி முறைப்பார். நீங்கள் சொன்னால் முறைக்க மாட்டார்.