இணையத்தில் இல்ம்: நாம் ஓதுவதைக் கேட்பவர் யார்?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சில வாரங்களுக்கு முன் லுஹர் தொழுகைக்குப் பின் ஒரு வாலிபர் என்னிடம் வந்தார். பொறியியல் படிக்கிறவர், தொழுகையில் பேணுதல் உள்ளவர். "ஹஜ்ரத், இக்லாஸ் சூரா ஓதிக் காட்டுறேன், சரியா இருக்கான்னு பாருங்க" என்றார். சின்ன வயதில் மக்தபுக்கு வர வாய்ப்பில்லாமல் போனவர். தமிழ் எழுத்தில் அச்சிட்ட சூராக்களைக் கைபேசியில் இறக்கி, உலகப் புகழ் பெற்ற காரிகளின் கிராஅத்தைக் கேட்டு, தானாகவே பாடம் செய்திருக்கிறார். ராகம் அருமை. ஆனால் முதல் சொல்லே தவறு.

"குல்" என்பதைத் தொண்டையை ஒட்டிய கனத்த காஃபில் சொன்னால் "சொல்வீராக" என்று பொருள். அதையே மெல்லிய காஃபில் சொன்னால் "சாப்பிடு" என்று ஆகிவிடும். நம் தமிழில் இரண்டுக்கும் ஒரே "கு" தான். அதனால் தமிழில் பார்த்துப் படிக்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. "கல்ப்" என்ற சொல்லும் அப்படித்தான். ஒரு காஃபில் இதயம், இன்னொரு காஃபில் நாய்.

அந்தத் தம்பி பல வருடங்களாக இப்படித்தான் தொழுதிருக்கிறார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவர் அந்தக் காரிகளை நூற்றுக்கணக்கான தடவை கேட்டிருப்பார். அவர்களில் ஒருவர் கூட இவர் ஓதியதை ஒரு தடவையும் கேட்டதில்லை. இந்த வாரம் உங்களிடம் பேச நினைத்த விஷயம் இதுதான்.

நல்லடியார்களே! நபி (ஸல்) அவர்கள் மீதுதான் குர்ஆன் இறங்கியது. அப்படியிருந்தும் ஒவ்வொரு ரமலானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்கள் வந்து நபியவர்களுடன் குர்ஆனை ஓதி ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்றும், வஃபாத்தான ஆண்டில் அது இரண்டு முறை நடந்தது என்றும் ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. வஹீ பெற்ற நபிக்கே ஓதிக் காட்டும் முறை வைக்கப்பட்டிருக்கும்போது, நமக்கு அது தேவையில்லை என்று எப்படிச் சொல்வது?

உஸ்மான் (ரலி) அவர்கள் முஸ்ஹஃபுகளைப் பிரதி எடுத்துப் பெரிய நகரங்களுக்கு அனுப்பியபோது, ஒவ்வொன்றுடனும் ஓதிக் கொடுக்க ஒரு காரியையும் அனுப்பினார்கள் என்று குர்ஆன் வரலாற்றை எழுதிய உலமாக்கள் கூறுகிறார்கள். கூஃபாவுக்குப் போனவர் அபூ அப்துர் ரஹ்மான் அஸ்ஸுலமி (ரஹ்). அவர் உஸ்மான் (ரலி) காலத்திலிருந்து ஹஜ்ஜாஜின் காலம் வரை குர்ஆனைக் கற்றுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அந்தக் காலத்தில் பிரதி எடுப்பதே புதுமை. அந்தப் புதுமையை ஸஹாபாக்கள் வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. கூடவே ஓர் உஸ்தாதையும் ஏற்றி அனுப்பினார்கள்.

அதனால் இணையமே ஹராம் என்று மிம்பரில் நின்று சொல்லிவிட்டு இறங்குகிற ஆள் நான் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், இந்தப் பயானைத் தயாரிக்கவே நான் மக்தபா ஷாமிலாவைத் திறந்துதான் பார்த்தேன். நான் அரபிக் கல்லூரியில் ஓதிய காலத்தில் ஃபத்ஹுல் பாரியில் ஒரு ஹதீஸின் விளக்கம் பார்க்க வேண்டுமென்றால், குதுப்கானா திறக்கும்வரை காத்திருந்து, ஜில்து ஜில்தாக இறக்கிப் புரட்ட வேண்டும். இன்று ஆயிரக்கணக்கான கிதாபுகள் ஒரு கைபேசியில் அடங்கிவிட்டன. இது நிஃமத். மறுக்க முடியாது.

ஆனால் ஜாபிர் (ரலி) அவர்களின் சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் ஒரே ஒரு ஹதீஸைக் கேட்க, ஒட்டகம் வாங்கி ஒரு மாதம் பயணம் செய்து ஷாமுக்குப் போனார்கள். அந்த ஹதீஸ் தெரியாமல் போகவில்லை, கவனியுங்கள். யாரோ சொல்லி ஏற்கனவே காதில் விழுந்துவிட்டது. நபியவர்களிடம் நேரடியாகக் கேட்டவரின் வாயால் கேட்க வேண்டும், அதற்குள் இருவரில் ஒருவருக்கு மவுத் வந்துவிடக் கூடாது என்ற பயத்தில்தான் போனார்கள். நமக்குத் தலாக், வாரிசுரிமை, ஜகாத் என்று எதைப் பற்றி ஒரு துண்டு வீடியோ வந்தாலும், பேசுகிறவர் யார், எங்கே ஓதியவர் என்று கூடப் பார்க்காமல் பத்து குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறோம். வந்த செய்தியைத் தீர விசாரியுங்கள் என்ற 49 ஆவது அத்தியாயத்தின் 6 ஆவது வசனத்தை விரலுக்கும் சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இனி நம் ஜமாஅத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். சிலருக்குக் கசக்கலாம்.

நபி (ஸல்) அவர்களிடம் பெண்கள் வந்து முறையிட்டார்கள்: உங்கள் சபையை ஆண்களே எடுத்துக்கொள்கிறார்கள், எங்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று. நபியவர்கள் உடனே ஒரு நாளைக் குறித்துக் கொடுத்து உபதேசம் செய்தார்கள். புகாரியில் இல்முடைய பாடத்தில் உள்ள ஹதீஸ் இது. நம் மஹல்லாவில் கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு, பிள்ளை பெற்ற தாய்க்கு, அறுபது வயதுப் பெரியம்மாவுக்கு ஓத எந்த நாளைக் குறித்தோம்? லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் எத்தனையோ வீடுகளில் ஆண்கள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் பெண் யாரிடம் போய்த் தன் ஓதலைத் திருத்துவாள்? எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா, ஓர் ஆலிமாவிடம் வீடியோ அழைப்பில் தினமும் அரை மணி நேரம் ஓதி, இரண்டு வருடத்தில் தன் தஜ்வீதைச் சரி செய்துகொண்டார். பள்ளிவாசல் செய்யாததை அந்தக் கைபேசி செய்தது. அங்கே எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேட்டார், தவறு வந்தால் நிறுத்தினார். அதனால் அது ஓதுதல்தான். தூரம் ஒரு பிரச்சினையே இல்லை.

அடுத்தது என் தவறு.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. பள்ளிவாசல் பூட்டு, மக்தப் பூட்டு. அந்த ரமலானை எல்லோரும் வீட்டிலேயே கழித்தோம். நானும் மற்றவர்களைப் போல வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். 36 பிள்ளைகள். காலையில் பாடத்தை ஓதிப் பதிவு செய்து அனுப்புவேன், பிள்ளைகள் திருப்பி ஓதி அனுப்ப வேண்டும். முதல் மாதம் நன்றாகப் போனது. பிறகு பத்துப் பன்னிரண்டு பேர்தான் அனுப்பினார்கள். அதிலும் நான் பாதி கேட்பேன், "மாஷா அல்லாஹ்" என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவேன். மக்தப் நடக்கிறது என்று முத்தவல்லியிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த 36 எண்களில் ஒன்று ஒரு லாரி ஓட்டுநருடையது. அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிறவர். வீட்டில் இருப்பது அந்த ஒரு கைபேசிதான், அதுவும் அவரோடு லாரியில் போய்விடும். அவருடைய மகளுக்கு அப்போது ஒன்பது வயது, அம்ம ஜுஸ்வில் பாதி வந்திருந்தாள். ஒரு பதிவு கூட அவளிடமிருந்து வரவில்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

மக்தபைத் திரும்பத் திறந்தபோது அவள் உள்ளே வராமல் செருப்பு விடும் இடத்திலேயே நின்றாள். ஓதியதெல்லாம் மறந்துவிட்டது, சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கம். அவளுடைய தாயார் சொன்னார்: "ஹஜ்ரத், தினமும் அஸருக்கு ஒளு செஞ்சிட்டு, அம்ம ஜுஸ்வ எடுத்து மடியில வச்சிட்டு உட்கார்ந்திருப்பா. யாரும் கூப்பிடலைன்னு கொஞ்ச நாள்ல விட்டுட்டா."

அன்று இரவு எனக்கு அபஸ சூராதான் நினைவுக்கு வந்தது. கண் தெரியாத ஸஹாபி இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கற்க வேண்டும் என்ற ஆசையோடு நபியவர்களைத் தேடி வந்தார்கள். நபியவர்கள் அப்போது குறைஷித் தலைவர்களோடு, அவர்கள் தீனுக்கு வந்துவிட மாட்டார்களா என்ற கவலையில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு கணத்திற்காக அல்லாஹ் 80 ஆவது அத்தியாயத்தையே இறக்கினான். நபியவர்களுக்காவது அவ்வளவு பெரிய காரணம் இருந்தது. எனக்கு என்ன இருந்தது? இணைய வசதி இருந்த பிள்ளைகளின் பக்கம் என் முகம் திரும்பியிருந்தது, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடங்களிலும் இதே கதைதான் நடந்தது. 2019 லேயே தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருந்தது, வாட்ஸ்அப் வகுப்புகள் இருந்தன. ஆனாலும் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்று திரும்பி வந்தபோது எழுத்துக்கூட்டவே பலர் திணறினார்கள். அரசாங்கமே "இல்லம் தேடிக் கல்வி" என்று தன்னார்வலர்களைத் தெருத் தெருவாக அனுப்பி, மாலையில் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கச் செய்தது. திரையில் காட்டியாகிவிட்டது என்பதால் பிள்ளைக்கு வந்துவிட்டது என்று அவர்கள் கணக்கு எழுதவில்லை. நான் எழுதியிருந்தேன்.

அந்தப் பிள்ளை பிறகு வந்தாள். முதலில் என் வீட்டில், என் மனைவியிடம். இப்போது பதினேழாவது ஜுஸ்வில் இருக்கிறாள்.

ஜமாஅத் நிர்வாகத்தோடு பேசி இரண்டு ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். சனிக்கிழமை அஸர் முதல் மஃரிப் வரை பள்ளியின் மேல்தளம் பெண்களுக்கு. ஓர் ஆலிமா வருவார்கள், வயது வரம்பு கிடையாது. இணையம் பார்த்து ஓதக் கற்றுக்கொண்ட ஆண்கள் இஷாவுக்குப் பின் பத்து நிமிடம் என்னிடம் வந்து ஃபாத்திஹாவும் சின்னச் சூராக்களும் ஓதிக் காட்டுங்கள். ஐம்பது வயதாகிவிட்டதே என்று கூச்சப்பட வேண்டாம். கேலி செய்கிறவர் யாரும் அங்கே இருக்க மாட்டார்கள். வெளிநாட்டில் இருந்து இதைப் படிக்கிற நம் ஊர்ச் சகோதரர்களுக்கு ஃபஜ்ருக்குப் பின், இந்திய நேரம் ஏழு மணி வரை. என் எண் உங்கள் வீட்டாரிடம் இருக்கும். பதிவு செய்து அனுப்ப வேண்டாம். அழையுங்கள், நான் கேட்கிறேன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.