வழக்கும் இரக்கமும்

பிறரோடு நமக்குப் பிணக்கு நேர்ந்தவிடத்து நமது மனம் செய்யுந் தொழிலைச் சிறிது உற்று நோக்குவோமாக. முதலில் அது நடந்ததை நினைக்கின்றது. பின்பு, எதிரி இன்னது சொல்லுவான், அதற்கு யாம் இன்னது சொல்லுவேம், அதற்கு அவன் மறுமொழி இன்னதாகும் என்று, எதிரி அயலிலே இல்லாதிருக்கவும், அவனுக்கும் தனக்கும் தானே வாயாகி நின்று வழக்காடுகின்றது. உணவு கொள்ளும்பொழுதும் வழக்கு; நித்திரை வராத சாமத்திலும் வழக்கு; பூசைக்கு இருந்தவிடத்து, உதடு ஐந்தெழுத்தை உச்சரிக்க, உள்ளே வழக்கு. இத்தனை நாள் விசாரித்தும் தீர்ப்பு மாறுவதில்லை. அது முதல்நாளே எழுதிவைத்த தீர்ப்பு. ஆயினும் இதனை ஆராய்ச்சியென்று மதித்து, ஆராய்ந்தால் உண்மை தோன்றும், உண்மை தோன்றினால் மனம் ஆறும், மனம் ஆறினால் இரக்கமும் தானே உண்டாகும் என்று எண்ணியிருப்போர் பலர். இவ்வொழுங்கு பொருந்துமா என்பதே ஈண்டு யாம் வினாவப் புகுந்தது.

உபாத்தியாயர்களுக்கு இவ்வினா ஏட்டுச் சுரைக்காய் அன்று. ஒரு பிள்ளை கொண்டுவந்த உணவை மற்றொரு பிள்ளை எடுத்து உண்டான் என்று வகுப்பிலே முறைப்பாடு வருகின்றது. உபாத்தியாயர் விசாரிக்கின்றார். கண்டவர் யார், முன்னும் எடுத்ததுண்டோ, நேற்று இருவருக்குஞ் சண்டை நடந்ததோ என்று வினாக்கள் கிளைக்கின்றன. நான்காஞ் சாட்சி வந்து இரண்டாஞ் சாட்சியையும் குற்றவாளியாக்கி விடுகின்றான். மணி அடிக்கின்றது, பாடம் போயிற்று. எடுத்தவன் காலையிலே உண்டு வந்தானோ என்னும் ஒரு வினா மாத்திரம் கேட்கப்படவில்லை. அது ஏனைய வினாக்களின் வரிசையிலே வரத்தக்கதன்று. அவன் முகத்தைப் பார்த்தவருக்கே அது தோன்றும்.

இவ்வாறு சொல்லுதல் நீதியைத் தள்ளுதலாகாதோ எனச் சிலர் ஆசங்கிப்பர். ஆகாது. உணவை இழந்தவனும் பிள்ளையே. அவன் பசிக்கு வகை செய்தல் வேண்டும். எடுத்தது பிழையென்பதும் சொல்லப்படல் வேண்டும். அவ்வளவுக்கு வேண்டிய விசாரணை சிறிது. எஞ்சிய விசாரணை எதன்பொருட்டு நடக்கின்றது என்று பார்ப்பின், அது பெரும்பாலும் விசாரிப்பவர் தமது கோபத்துக்குத் தக்க காரணந் தேடுதற்பொருட்டே நடக்கின்றது. யான் கல்வி கற்ற மிஷன் பாடசாலையிலே விவாதக் கழகம் ஒன்று இருந்தது. எதிர்ப்பக்கத்தார் சொல்லிலே இளகிய இடம் எதுவென்று கண்டு அங்கே குத்துதற்கு அது எம்மை நன்கு பழக்கிற்று. அப்பழக்கம் பயன்படவில்லை என்று சொல்லேன். பின்னாளிலே தருக்க நூலைக் கையிலெடுத்தபோது பெரிதும் உதவிற்று. ஆனால், ஒருவனுடைய இளகிய இடத்தைக் கண்டபின் அங்கே மருந்து இடுதலுங் கூடும் என்பது எந்த விவாதக் கழகத்திலும் கற்பிக்கப்படும் பொருளன்று.

நமது சித்தாந்த நூல்கள் ஆன்மாவின் இலக்கணங் கூறுமிடத்து, அது சார்ந்ததன் வண்ணமாந் தன்மையுடையது என்று கூறும். பளிங்கு செம்மலரைச் சார்ந்தவிடத்துச் சிவந்தும், நீலமலரைச் சார்ந்தவிடத்துக் கறுத்துந் தோன்றுதல் போல, ஆன்மாவும் மலத்தைச் சார்ந்து மலமேயாகியும், சிவத்தைச் சார்ந்து சிவமேயாகியும் நிற்கும். இதனை மாணாக்கரைக் கொண்டு பரீட்சைக்கு விடையாக எழுதுவிக்கின்றோம். நமது பிணக்குகளில் வைத்துப் பார்ப்பதில்லை. பகைவன் குற்றத்தையே இரவும் பகலும் நினைத்துக்கொண்டிருப்பவன் எதனைச் சார்ந்தவன்? அக்குற்றத்தையே சார்ந்தவன். ஒருவன் தனக்குச் செய்த வஞ்சகத்தை ஒரு வருடகாலம் எண்ணிக்கொண்டிருந்தவன், அவ்வஞ்சகத்தின் வழிகளை அவனினும் நன்கு அறிந்தவனாகி, அவ்வழிகளாலேயே அவனை மடக்குதற்குச் சூழ்கின்றான். தன்மேற் கோள் சொன்னவனைப்பற்றி வீடுதோறுஞ் சென்று முறையிடுபவன், அவ்வீடுகளிலே தான் சொல்லுவதும் கோளே என்று அறிகின்றானில்லை. ஆகவே, நினைவு மிகுதலால் மாத்திரம் உண்மை வந்துவிடாது. எதனைச் சார்ந்து நின்று நினைக்கின்றோம் என்பதே பார்க்கற்பாலது.

இனி, இரக்கம் என்பது எதிரியின் குற்றத்தை அறியாத பேதைமையால் வருவது என்று கொள்வாரும் உளர். அவர் மெய்ப்பொருணாயனார் சரித்திரத்தை மறுபடியும் படிப்பாராக. போரிலே பலமுறை தோற்ற முத்தநாதன் திருநீற்றுவேடம் பூண்டு, புத்தகக் கவளியிலே படையை மறைத்துக்கொண்டு, திருக்கோவலூர் அரண்மனையிலே புகுந்தான். அரசர் அவன் வேடத்தை வணங்கினார். வணங்கியபொழுது அவன் குத்தினான். அரசர் முன்னரே ஆராய்ந்திருக்கலாகாதோ என்று வகுப்பிலே பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்வியே, ஆயினும் அச்சரித்திரத்தின் உயிர் அவ்விடத்தில் இல்லை. குத்துண்டு வீழ்ந்தபின் அரசருக்கு அறியவேண்டிய குற்றம் ஒன்றும் எஞ்சவில்லை. வந்தவன் யாவன், கருத்து யாது, கருவி யாது என்னும் எல்லாம் வெளியாயின. சாட்சியும் வேண்டாத வழக்கு அது. அவ்வளவும் அறிந்த அறிவோடுதான், வாளோங்கிய தத்தனைத் தடுத்து, அவனுக்கு இடையூறு நேராதபடி நகரைக் கடத்திவிடும்படி பணித்தார். தத்தன் மீண்டுவந்து அவன் நலமே போயினான் என்று சொல்லும்வரையும் உயிரைத் தாங்கியிருந்தார். அவர் அவனைக் குற்றமற்றவனென்று கொண்டாரல்லர். அக்குற்றத்திலே தமது மனத்தைக் குடியிருத்தினாரல்லர்.

அவர் நாயனார், நாம் மனிதர் என்று சொல்லி இதனைக் கழித்துவிடுதல் எளிது. ஆதலால் நமக்கு அணிமையிலுள்ள ஒன்றை எடுக்கின்றேன். நாவலர் வழியிலே வந்த நமக்கு அது பேசுதற்கு உவப்பான பொருளன்று.

1867 இல் இராமலிங்க சுவாமிகளுடைய பாடல்கள் திருவருட்பா என்னும் பெயரால் அச்சேறின. அருட்பா என்னும் பெயர் திருமுறைகளுக்கே உரியது என்பது ஆறுமுக நாவலர் கொள்கை. கண்டனங்கள் எழுந்தன, 1869 இல் பிணக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரையுஞ் சென்றது. அங்கு நடந்ததை இருபக்கத்தாரும் இருவிதமாகச் சொல்லுவர். சுவாமிகள் 1874 இல் மறைந்தார், நாவலர் 1879 இல் சிவபதமடைந்தார், வழக்கோ இறக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கமும், இஸ்லாமியப் புலவராகிய செய்குத்தம்பிப் பாவலர் மற்றொரு பக்கமுமாக அது மீண்டும் மூண்டது. அதிலே கொள்கை ஒன்றுமில்லை என்று சொல்லேன். திருமுறைகளின் தனிச்சிறப்புக் காக்கப்படல் வேண்டும் என்பதே என் துணிபும். ஆனால் வழிவழி வந்தோர் கொள்கையை விட்டு வசையைப் பற்றிக்கொண்டனர் என்பதை அக்காலத்துப் பிரசுரங்களைப் புரட்டினோர் அறிவர்.

இவ்விருவரும் செய்த வேறொரு காரியம் உண்டு. அப்புத்தகம் வெளிவந்த அதே 1867 இல், வடலூரிலே சுவாமிகள் பசித்தவர்க்கு அன்னமிடுந் தருமசாலையைத் தாபித்தார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமற் காக்கப்பட்டு வருகின்றது. பத்து வருடஞ் சென்றபின் யாழ்ப்பாணத்திலே பஞ்சமும் பேதிநோயும் பரந்தபொழுது, நாவலர் பொருள் சேர்த்துக் கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தினார். அக்காலத்து அரசாங்க ஏசண்டராகிய துவைனந் துரையின் நிருவாகத்தையும் அஞ்சாது கண்டித்து எழுதினார். அதுவும் வாதமே, நாவலர் வாதத்தை விட்டவரல்லர். ஆயினும் அது பசித்தவன் பக்கத்திலே போய் நின்று, அவன் கலத்தைப் பார்த்து, அங்கிருந்து எழுந்த வாதம். மற்றை வழக்கிலே எதிரெதிரே நின்ற இருவரும் இங்கே ஒரே தொழிலைச் செய்தனர். தருமசாலையின் அன்னத்துக்கும் கஞ்சித்தொட்டியின் கஞ்சிக்கும் இடையிலே பிணக்கு இருந்ததாக எப்பக்கத்தாரும் எழுதினாரில்லை.

கார்த்திகை மகத்திலே நாவலர் குருபூசை நடத்துகின்றோம். பிள்ளைகள் மனனஞ்செய்து ஒப்புவிக்கும் பிரசங்கங்களிலே கண்டனங்கள் விரிவாக வருகின்றன. கஞ்சித்தொட்டி ஒரு வரியிலே வந்து போகின்றது, சிலவற்றில் அதுவுமில்லை. வருகின்ற குருபூசைக்கு மேல்வகுப்பு மாணாக்கரைக் கொண்டு அவ்வொரு வரியை ஒரு முழுப் பிரசங்கமாக எழுதுவித்துப் பார்க்கலாம். பஞ்சம் எங்ஙனம் வந்தது, அரிசி எவர் கொடுத்தார், கஞ்சி வாங்க வந்தோர் எவர் என்று பிள்ளைகள் தேடுவார்களாக. அந்த ஆராய்ச்சி எத்தனை நாள் நீண்டாலும் யான் தடை சொல்லேன்.