கவிழ்ந்த கோப்பை

பீட்டர் கிளாஸ் 1628ல் வரைந்த படம். அசல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில். நகல் சிறுசேரி சிப்காட்டில், என் கணினித் திரையில். பல் உதிர்ந்த மண்டை ஓடு, இறகுப் பேனா, திரி கருகும் விளக்கு, கவிழ்ந்த கண்ணாடிக் கோப்பை. “மாத்துங்க சார், நைட் ஷிப்ட்ல பயமா இருக்கு” என்கிறாள் பக்கத்து இருக்கைப் பெண். மண்டை ஓடு என்னைப் பயமுறுத்தவில்லை. கோப்பைதான் ஏதோ செய்கிறது. குடித்தவர் யார்? எழுந்து எங்கே போனார்?

*

அதே காலத்து டச்சுக்காரர்கள் இங்கேயும் இருந்தார்கள். சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613ல் கெல்ட்ரியா கோட்டை கட்டினார்கள். அங்குள்ள அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு கல் எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. ஒன்றுக்கு மணற்கடிகை, மற்றதற்கு மண்டை ஓடு. இத்தகைய மேசைப் படங்களில் வரும் சாமான்களேதான், கடல் தாண்டி வந்து கல்லாகிவிட்டன.

பதிலுக்கு இங்கிருந்து துணி போனது. அடிமைகளாக மனிதர்களும் கப்பலேறினார்கள். ஹாலந்து ஓவியர்கள் ‘எல்லாம் வீண்’ என்று மேசையில் பரப்பிய பட்டு, சங்கு, பீங்கான்களில் பல அப்படிக் கப்பலில் வந்த சரக்குதான். சரக்கு வீண் என்று சொல்லும் படமும் சந்தையில் விலைபோன சரக்கு. இதைச் சொல்லிச் சிரிக்கவும் முடியவில்லை. நாவலூரில் ஓர் ஆட்டோக்காரர் பட்டினத்தார் பாட்டை ரிங்டோனாக வைத்திருக்கிறார், அது அடித்தால் சவாரி.

*

கிளாஸின் விளக்கு அணைந்துகொண்டிருக்கிறது. நம் வீடுகளில் ஆள் போனபின் தலைமாட்டில் விளக்கை ஏற்றுகிறோம். இந்த வித்தியாசத்தை யோசித்து முடிக்கவில்லை.

*

எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். ஐஸ் பெட்டி லிப்டுக்குள் நுழையவில்லை. உடலைக் கீழே பார்க்கிங்கில் வைத்தோம். காற்றுக்கு விளக்கு நிற்கவில்லை. யாரோ அட்டைப்பெட்டியைக் கிழித்து மறைப்பு வைத்தார்கள். ஒரு படி நெல் வேண்டும் என்றார் வந்திருந்த அத்தை. எந்த வீட்டிலும் நெல்லும் இல்லை, படியும் இல்லை. ரைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் குவளையில் பொன்னி அரிசியை நிரப்பி நீட்டினாள் மருமகள். அத்தை அதைக் கையாலும் தொடவில்லை.

இத்தனைக்கும் இது வயலாக இருந்த இடம். கடைசியில் காவலாளி தாழம்பூர்ப் பக்கம் பைக்கில் போய், சொந்தக்காரர் வீட்டிலிருந்து மரப்படி நிறைய நெல்லோடு வந்தார். கொடுத்துவிட்டு உடனே நகரவில்லை. “நெல்லு போனாப் போவுதுங்க, படியை மட்டும் மறக்காம திருப்பிக் குடுத்துடணும்” என்று இரண்டு தரம் சொன்னார்.